சமாதானத்தைக் கேலி செய்த படங்கள்: யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: 17, 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் சமாதானப் பேச்சுவார்த்தைகளைப் பற்றி வந்த கேலிப்படங்களைப் பார்த்தேன், ஒரே மிருகங்களும் அசிங்கமுமாக இருக்கின்றன. இவை போர் வேண்டாம் என்று சொல்லும் படங்களா? யார் வாங்கினார்கள்? இவற்றால் ஏதாவது நடந்ததா?

முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் இல்லை. கேலிச்சித்திரக்காரன் என்றால் அதிகாரத்துக்கு எதிரானவன், ஆகவே போருக்கும் எதிரானவன் என்று நாம் இன்றைய கணக்கில் நினைத்துக்கொள்கிறோம். இந்தப் படங்களில் கேலிக்கு ஆளாவது போர் அல்ல, சமாதானம்தான். ‘சிப்பாய் ரத்தம் சிந்திப் பிடித்ததை நம்ம ஆள் நாற்காலியில் உட்கார்ந்து தாரைவார்த்துவிட்டான்’ என்ற ஆத்திரம்தான் முக்கால்வாசிப் படங்களின் அடியில் ஓடுகிறது.

‘அசிங்கம்’ என்றதும் நீங்கள் எந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. 1783 ஜனவரியில் லண்டனில் வெளிவந்தது. அமெரிக்க சுதந்திரப் போர் முடிவுக்கு வந்து, பாரிஸ் பக்கம் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். படத்தில் ஐந்து பேர் நிற்கிறார்கள்: இங்கிலாந்துக்காரன், டச்சுக்காரன், அமெரிக்காவின் அடையாளமாக ஒரு செவ்விந்தியன், ஸ்பானியன், பிரெஞ்சுக்காரன். ஆயுதங்களைக் கழற்றி வைத்துவிட்டு, ஐவரும் ஒரே பானைக்குள் மூத்திரம் பெய்கிறார்கள். தலைப்பில்தான் குசும்பு. சமாதானம் என்பதற்கு ஆங்கிலத்தில் ‘பீஸ்’, மூத்திரத்துக்கு ‘பிஸ்’. நடுவெழுத்துகளை விட்டுவிட்டுக் கோடு போட்டிருப்பார்கள், நாம் எப்படி வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். கீழே ஒரு பாட்டு வேறு: கொஞ்ச நாள் முன்னால் யார் நினைத்திருப்பார்கள், இவர்கள் இவ்வளவு சீக்கிரம் ஒன்றாக வந்து நிற்பார்கள் என்று.

இதில் போரைக் கண்டிக்கும் ஒரு கோடு இருக்கிறதா? கிடையாது. நேற்றுவரை ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்தவர்கள் இன்று ஒரே பானையைச் சுற்றி நிற்கிறார்கள் என்கிற கேவலம்தான் விஷயம். அடுத்த மாதமே அந்தச் சமாதான விதிகள் நாடாளுமன்றத்தில் தோற்று, ஷெல்பர்ன் பிரபுவின் அமைச்சரவை பதவி விலகியது. ஒரு பானைப் படம் ஆட்சியைக் கவிழ்த்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தெருவில் எந்தக் காற்று அடித்தது என்பது அதில் தெரிகிறது.

சரி, போர்க்களத்தை விட்டுவிட்டு ஏன் பேச்சுவார்த்தை அறையைக் குறிவைத்தார்கள்? அந்த அறைக் கதவு சாத்தியிருந்தது, அதனால்தான். போர் எல்லோருக்கும் தெரியும். வரி ஏறும், பிள்ளையைப் பட்டாளத்துக்கு இழுப்பார்கள். சமாதானம் மட்டும் எங்கோ ஒரு ஊரில், புரியாத மொழியில், பட்டுச்சட்டை போட்டவர்களால் முடிவாகும். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே கசிந்த செய்திகளோ கேலிச்சித்திரக்காரனுக்கு வேலையே வைக்காத மாதிரி இருந்தன.

முப்பதாண்டுப் போரை முடிக்க 1640-களில் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியாவில் கூடினார்களே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். மாநாடு ஒரு ஊரில் அல்ல, ஏறக்குறைய 50 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊர்களில் நடந்தது. பிரெஞ்சுக்காரர்கள் மியூன்ஸ்டரில், ஸ்வீடன்காரர்கள் ஓஸ்னாப்ரூக்கில். யார் வண்டி முன்னால் போவது, யாரை ‘மேன்மை தங்கிய’ என்று கூப்பிடுவது என்பதிலேயே மாதக்கணக்கில் போனது. கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று வரும் தகராறைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்: பரிவட்டம் வெறும் துணிதான், ஆனால் விட்டுக்கொடுத்தால் அடுத்த தலைமுறைக்கும் போச்சு. எல்லாத் தரப்பும் ஒரே அறையில் ஒருநாள்கூட சேர்ந்து உட்காராமலேயே அந்த மாநாடு 1648-ல் முடிந்தது.

1697-ல் ஹாலந்தின் ரைஸ்வைக்கில் பேசியபோது, இரண்டு பக்கமும் அச்சுவார்த்த மாதிரி சமமாக இருக்கும் ஒரு மாளிகையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு தரப்புக்கும் தனி வாசல், நடுவில் சமரசம் செய்பவருக்கு ஒன்று. யாரும் யாருக்குப் பின்னாலும் நுழைய வேண்டாம். அந்த மாளிகையின் தரைப்படத்தையே அச்சடித்து விற்றார்கள். அது கேலிப்படம் அல்ல, செய்திப்படம். ஆனால் வாங்கியவர்களில் எத்தனை பேர் சிரிக்காமல் பார்த்திருப்பார்கள்?

அடுத்து இன்னொரு டச்சு நகரமான உட்ரெக்டில் நடந்த சமாதானப் பேச்சின் கதை இதைவிடப் பிரமாதம். 1712-ல் பிரான்சின் தூதர் மெனாஷேவின் வேலைக்காரர்கள், டச்சுப் பிரதிநிதி ரெக்டரன் பிரபுவின் வண்டி போகும்போது முகத்தைக் கோணி பழிப்புக் காட்டினார்கள் என்று ஒரு புகார். விசாரணை வேண்டும் என்று ஒருவர், அப்படி எதுவும் நடக்கவில்லை என்று இன்னொருவர். அப்புறம் பிரபுவின் ஆட்கள் அந்த வேலைக்காரர்களை நடைபாதையில் வைத்து மொத்தினார்கள். பதினான்காம் லூயி மன்னர் பரிகாரம் கேட்டு விடாப்பிடியாக நின்றார், பேச்சு மாதக்கணக்கில் முடங்கியது. ஐரோப்பாவின் எல்லைக்கோடுகள் ஒரு வேலைக்காரப் பையனின் மூஞ்சிக்காகக் காத்திருந்தன! லண்டனில் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில் அடிசன் இதை வைத்து ஒரு கட்டுரையே எழுதினார்: காப்பிக்கடைகளில் ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு.

இந்தக் காப்பிக்கடை ஆட்கள்தான் படம் வாங்கியவர்களும். செப்புத்தகட்டில் கீறியோ அமிலத்தால் அரித்தோ படத்தை உருவாக்குவார்கள். எழுத்தெல்லாம் தலைகீழாக, கண்ணாடியில் தெரிவதுபோல வெட்ட வேண்டும். மையைத் தேய்த்து, மேலே பட்டதைத் துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தை வைத்து உருளைக்கு நடுவே அழுத்தினால் கீறலில் தங்கிய மை காகிதத்தில் ஏறும். அமில வழி என்றால் சில நாட்களிலேயே படம் கடைக்கு வந்துவிடும். செய்தி ஆறுவதற்குள் விற்றாக வேண்டும் அல்லவா? ஜெர்மன் பகுதிகளில் மேலே படமும் கீழே செய்யுளுமாக ஒற்றைத்தாள்கள் சந்தைகளில் விலைபோயின. 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் சாதாரணப் பிரதி ஆறு பென்ஸ், கையால் வண்ணம் தீட்டியது ஒரு ஷில்லிங் என்பது பழகிப்போன விலை. கூலிக்காரன் நினைத்தபோது வாங்கும் விலை அல்ல அது. அவன் கடையின் கண்ணாடி ஜன்னலில் ஒட்டியிருந்ததை நின்று பார்த்துவிட்டுப் போவான்.

இந்தத் தொழிலுக்கு வாகான ஊர்கள் இரண்டு. ஒன்று ஹாலந்து, நகரத்துக்கு நகரம் அதிகாரம் பிரிந்து கிடந்ததால் ஒரு இடத்தில் தடை செய்தால் அடுத்த ஊரில் அச்சடிக்கலாம். இன்னொன்று லண்டன், 1695-ல் முன்தணிக்கைச் சட்டம் காலாவதியான பிறகு. பாரிஸில் மன்னரைக் கிண்டல் செய்து படம் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்தது, இவற்றால் ஏதாவது நடந்ததா என்ற கேள்வி. இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி ஒரு போர்ப் பிரகடனம். 1667 ஜூனில் டச்சுக் கப்பல்கள் இங்கிலாந்தின் மெட்வே ஆற்றுக்குள் புகுந்து, நங்கூரம் போட்டிருந்த கப்பல்களைக் கொளுத்தி, ‘ராயல் சார்லஸ்’ என்ற கொடிக்கப்பலை இழுத்துக்கொண்டு போயின. அடுத்த மாதமே ப்ரெடாவில் சமாதானம். அதைக் கொண்டாட டச்சுக்காரர்கள் ஒரு பதக்கம் வெளியிட்டார்கள். அதில் லத்தீனில் ஒரு வரி: ‘கெட்ட மிருகமே, எங்கள் நாட்டைவிட்டு விலகிப் போ.’ பின்னணியில் எரியும் கப்பல்கள். அந்த மிருகம் யார்? போர் என்ற பூதம்தான் என்று டச்சுக்காரர்கள் சாதித்தார்கள். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்கு அந்த விளக்கம் ஏறவில்லை. அவர் புகார் செய்ய, பதக்கத்தின் வார்ப்பு அச்சை உடைத்தார்கள்.

அதோடு முடியவில்லை. 1672 மார்ச்சில் சார்லஸ் மறுபடி போர் அறிவித்தபோது, காரணங்களின் பட்டியலில் இதையும் சேர்த்தார்: தம்மை இழிவுபடுத்தும் படங்களும் பொய்ச் சரித்திரம் சொல்லும் பதக்கங்களும் இல்லாத ஊர் ஹாலந்தில் ஏறக்குறைய கிடையாதாம். உண்மைக் காரணம் வேறு. இரண்டு வருஷம் முன்னால் டோவரில் பிரெஞ்சு மன்னரோடு ரகசிய ஒப்பந்தம் போட்டு, பணமும் வாங்கியிருந்தார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பதுபோல, சண்டைக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது. ஆனால் சாக்கு என்றாலும், ஒரு மன்னர் படங்களைப் போருக்குக் காரணமாக எழுதிக் கையெழுத்துப் போடுகிறார் என்றால், கேட்பவர்கள் ‘ஆமாம், நியாயம்தான்’ என்பார்கள் என்று அவர் நம்பியிருக்கிறார்.

மிருகங்களைப் பற்றிக் கேட்டீர்கள். இதில் பெரிய மர்மம் இல்லை. ஒவ்வொரு நாட்டின் கொடியிலும் முத்திரையிலும் ஏற்கெனவே ஒரு பிராணி இருந்தது. இரட்டைத்தலைக் கழுகு என்றால் ஜெர்மானியப் பேரரசர். சேவல் பிரான்ஸ், ஏனென்றால் லத்தீனில் ‘காலுஸ்’ என்ற ஒரே சொல் சேவலையும் ‘கால்’ (பிரான்சின் பழைய பெயர்) நாட்டவனையும் குறிக்கும். சிங்கத்தில்தான் குழப்பம் வரும்: இங்கிலாந்துக்கும் சிங்கம், டச்சுக்காரனுக்கும் சிங்கம். கையில் ஏழு அம்புகள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டச்சு, ஏழு மாகாணங்களுக்கு ஏழு அம்பு. ஆங்கிலேயன் டச்சுக்காரனைத் திட்டும்போது மட்டும் சிங்கத்தைப் பிடுங்கிக்கொண்டு தவளை ஆக்கிவிடுவான், சதுப்பில் வாழ்பவன் என்று.

1748-ல் எக்ஸ்-லா-ஷப்பேல் என்ற ஊரில் நடந்த உடன்படிக்கை சமயத்தில் லண்டனில் வந்த ஒரு படத்தின் தலைப்பே ‘மிருகங்களின் மாநாடு’. பூனைகளுக்கு அப்பம் பங்கிட்ட குரங்கின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தப் படத்துக்கு உரை தேவையில்லை. அந்த உடன்படிக்கை நமக்கும் அந்நியமல்ல. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த சென்னைப்பட்டணம் ஆங்கிலேயருக்குத் திரும்பியது அதில்தான். பதிலுக்கு வட அமெரிக்காவின் கேப் பிரெட்டன் தீவும் அதன் லூயிபர்க் கோட்டையும் பிரான்சுக்குப் போயின. தீவைக் கொடுக்கும்வரை பிணையாக இரண்டு ஆங்கிலப் பிரபுக்களைப் பாரிஸில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். லண்டன்காரனுக்கு மானம் போயிற்று. அங்கே பாரிஸ் தெருவிலோ, எதற்குச் சண்டை போட்டோம் என்றே புரியாமல், முட்டாளைத் திட்ட ‘இந்தச் சமாதானம் மாதிரி மடத்தனம்’ என்று ஒரு வசையே வழக்கில் வந்துவிட்டது. ஒரே உடன்படிக்கையில் இரண்டு பக்கமும் ஏமாந்ததாக நினைத்தது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

இப்படிச் சமாதானத்தைத் திட்டும் படங்களுக்கு நடுவே, சமாதானத்துக்குப் பரிந்து ஒருவர் வரைந்தார். அவர் பட்ட பாட்டைச் சொன்னால்தான் விஷயம் முழுமையாகும். வில்லியம் ஹோகார்த், இங்கிலாந்தின் பேர்பெற்ற ஓவியர். பிரான்சோடு நடந்த ஏழாண்டுப் போரின் கடைசிக் கட்டமான 1762 செப்டம்பரில் ‘காலங்கள்’ என்று ஒரு படம் வெளியிட்டார்.

ஒரு தெரு முழுக்கத் தீப்பற்றி எரிகிறது. எரியும் வீடுகளின் பெயர்ப்பலகைகளைப் பார்த்தால் ஒன்றில் இரட்டைத்தலைக் கழுகு, ஒன்றில் பிரான்சின் லில்லிப்பூ. பூமி உருண்டையைப் பலகையாக மாட்டிய வீட்டுக்கும் தீ பரவுகிறது. ஒரு தீயணைப்பு எந்திரத்தின்மேல் நின்று ஒருவர் தண்ணீர் பீய்ச்சுகிறார். ஸ்காட்லாந்துக்காரன் ஒருவன் வாளியில் தண்ணீர் சுமந்து வருகிறான். இவர்கள் அரசர் ஜார்ஜின் தரப்பு, சமாதானத் தரப்பு. எதிரே பொய்க்கால்களில் ஏறி நின்று, துருத்தியால் தீயை ஊதிவிடுகிறார் ஒருவர். அவர் வில்லியம் பிட், போரை நடத்திய அமைச்சர். கழுத்தில் தொங்குவதில் ‘வருஷம் 3,000 பவுண்டு’ என்று எழுதியிருக்கிறது, பதவி விலகியபோது வாங்கிய பென்ஷன். பக்கத்தில் ஒருவர் நிம்மதியாகப் பிடில் வாசிக்கிறார், பிரஷ்ய மன்னர் பிரெடரிக். மூட்டையின்மேல் உட்கார்ந்து டச்சுக்காரன் சுங்கான் புகைக்கிறான். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்கிற கணக்கில் அவனுக்கு எல்லாப் பக்கமும் வியாபாரம். மாடி ஜன்னலிலிருந்து இரண்டு பேர் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். தீயின்மேல் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். தீயணைப்பவன்மேல்!

அந்த ஜன்னல்காரர்களில் ஒருவர் ஜான் வில்க்ஸ், நாடாளுமன்ற உறுப்பினர், பத்திரிகைக்காரர், அதுவரை ஹோகார்த்தின் நண்பர். அவர் சும்மா இருப்பாரா? ‘நார்த் பிரிட்டன்’ என்ற தன் பத்திரிகையின் 17-ஆவது இதழில் ஹோகார்த்தை வாங்கு வாங்கென்று வாங்கினார்: அரண்மனை ஓவியர் பதவியில் இருப்பவர், சம்பளத்துக்குப் படம் போட்டுவிட்டார் என்று. வெளியிலோ எதிர்த்தரப்புப் படங்கள் நூற்றுக்கணக்கில் வந்தன. சமாதானத்தை முன்னின்று நடத்திய முதலமைச்சரின் பெயர் ப்யூட் பிரபு. ‘பூட்’ என்று கிட்டத்தட்ட ஒலிக்கும். அவ்வளவு போதும், படத்துக்குப் படம் ஒரு பெரிய பூட்ஸ். பக்கத்தில் ஒரு பெண்ணின் பாவாடை, அது மன்னரின் தாயார். இருவருக்கும் தொடர்பு என்று கிசுகிசு. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் பூட்ஸும் பாவாடையும் புரியும். தெருக்களில் இரண்டையும் கட்டித் தொங்கவிட்டுக் கொளுத்தினார்கள்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. பிடித்த இடங்களில் கரீபியக் கடலின் குவாடலூப், மார்ட்டினிக், ஹவானா எல்லாம் திரும்பிப் போயின. 1761 ஜனவரியில் பிடித்து, அப்புறம் இடித்துத் தரைமட்டமாக்கிய புதுச்சேரியும் அந்தப் பட்டியலில்தான் பிரெஞ்சுக்காரரிடம் போனது. பிட் நாடாளுமன்றத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் எதிர்த்துப் பேசினார். வாக்கெடுப்பில் ஆதரவு 319, எதிர்ப்பு 65. ஆக, இத்தனை பூட்ஸ் படங்களும் உடன்படிக்கையின் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. 1763 பிப்ரவரி 10 அன்று கையெழுத்தானது. ஆனால் ஏப்ரலில் ப்யூட் பதவியை விட்டு ஓடினார். உடன்படிக்கையைத் தடுக்க இந்தப் படங்களுக்கு வலு போதாது, செய்தவனை ஊரில் தலைகாட்ட விடாமல் அடிக்கப் போதும்.

அதே ஏப்ரலில், அந்தச் சமாதானத்தைப் புகழ்ந்த மன்னரின் உரையை வில்க்ஸ் தன் 45-ஆவது இதழில் தாக்கிக் கைதானார். அவர் நீதிமன்றத்துக்கு வந்தபோது ஹோகார்த் போய் உட்கார்ந்து அவரை வரைந்துகொண்டார். மாறுகண், கோணல் சிரிப்பு, கையில் சுதந்திரத் தொப்பி மாட்டிய கம்பு. சில வாரங்களில் ஏறக்குறைய 4,000 பிரதிகள் போனதாகச் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், திட்டி வரைந்த அந்தப் படத்தையே வில்க்ஸின் ரசிகர்களும் வாங்கி மாட்டிக்கொண்டார்கள். ஹோகார்த் 1764 அக்டோபரில் இறந்தார். ‘காலங்கள்’ இரண்டாம் படத்தைத் தகட்டில் வெட்டியும் உயிரோடு இருந்தவரை வெளியிடவில்லை, 1790-ல்தான் வந்தது.

இவ்வளவு படித்ததும் ஐரோப்பாவில் எல்லோரும் சமாதானத்தை வெறுத்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1648-ல் ஜெர்மன் ஒற்றைத்தாள் ஒன்று: மியூன்ஸ்டரிலிருந்து தபால்காரன் கொம்பு ஊதிக்கொண்டு குதிரையில் பறந்து வருகிறான். வானத்தில் எக்காளத்தோடு புகழ்த்தேவதை, கையில் கடிதத்தோடு தேவர்களின் தூதன் மெர்க்குரி. குளம்புகளின் கீழே உடைந்த ஆயுதங்கள். துளி கேலி இல்லை. மறுவருஷம் நியூரம்பெர்கில் சமாதான விருந்து நடந்தபோது, நகர மண்டபத்து ஜன்னலில் ஒரு சிங்கத்தை வைத்து அதன் வாயிலிருந்து சிவப்பும் வெள்ளையுமாகத் திராட்சைமது ஒழுகவிட்டார்கள், கீழே ஜனங்கள் ஏந்திக் குடித்தார்கள். அதையும் படமாக அச்சடித்தார்கள். போர் முப்பது வருஷம் தன் வயலிலேயே நடந்தவன் எல்லைக்கோடு அந்தப் பக்கம் போயிற்றா இந்தப் பக்கம் போயிற்றா என்று பார்ப்பதில்லை. கடலுக்கு அப்பால் நடந்த போரைச் செய்தித்தாளில் படித்த லண்டன்காரனுக்குத்தான் குவாடலூப் போச்சே என்று வயிறு எரியும். இதற்கு விதிவிலக்குகள் உண்டு, குறிப்பாக டச்சுக்காரர்கள். போர் வாசலில் நடந்தும் ஸ்பெயினோடு செய்த சமாதானத்தை அவர்களில் பலர் கடைசிவரை நம்பவில்லை. ஆனாலும் ஒரு படத்தை எடுத்துப் பார்க்கும்போது, வரைந்தவன் ஊருக்கும் போர்க்களத்துக்கும் எத்தனை தூரம் என்று முதலில் கேட்டுக்கொள்வது எனக்கு உதவியிருக்கிறது.

கடைசியாக, நேரம் இருந்தால் ஒரு படத்தை மட்டும் தேடிப் பாருங்கள். 1803 ஜனவரி 1 தேதியிட்டு ஜேம்ஸ் கில்ரே போட்டது, ‘பத்து வருஷத்தில் முதல் முத்தம்’. முந்தைய ஆண்டு ஆமியானில் இங்கிலாந்தும் பிரான்சும் செய்துகொண்ட சமாதானத்தைப் பற்றியது. ஒல்லியான பிரெஞ்சு அதிகாரி குனிந்து, பருத்துக் கொழுத்த பிரிட்டானியா அம்மையை (பிரிட்டனின் பெண் உருவம்) முத்தமிடுகிறான், என்றென்றும் அன்பாக இருப்பேன் என்கிறான். அந்த அம்மாள் சொல்லும் பதில்தான் இந்த இருநூறு வருஷப் படங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த வசனம். ஐயா, நீங்கள் நல்ல பண்புள்ள மனிதர், இவ்வளவு நயமாக முத்தமிடும்போது மறுக்க மனம் வரவில்லை. மறுபடியும் ஏமாற்றுவீர்கள் என்று நன்றாகத் தெரிந்தாலும்கூட, என்கிறாள்.

சுவரில் மூன்றாம் ஜார்ஜ் படமும் நெப்போலியன் படமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கின்றன. அம்மாள் தன் ஆயுதத்தையும் கேடயத்தையும் சுவரோரமாகத்தான் சாய்த்து வைத்திருக்கிறாள், எட்டி எடுக்கும் தூரத்தில். மே மாதம் எடுத்தாள்.